ஃபுட்போர்டில் வைத்த சாக்லேட்

பழைய கார்களைப் படம் எடுக்கிறவள் கறுப்பு உடுத்த வேண்டும். இதை நான் தப்புச் செய்துதான் தெரிந்துகொண்டேன். புனேயில் வருடத்துக்கு ஒரு முறை பழைய கார் வைத்திருப்பவர்கள் வண்டிகளைத் துடைத்து மினுக்கி ஊர்வலமாக ஓட்டிக்கொண்டு போவார்கள். முதல் தடவை அதைப் படம் எடுக்கப் போனபோது கத்தரிப்பூ நிறத்தில் சேலை கட்டியிருந்தேன். கழுவி வந்த முப்பத்தாறு படங்களில் பாதிக்கு மேல் நானே இருந்தேன். கதவில், பம்பரில், சக்கர மூடியில், எல்லாவற்றிலும் கோணலாக வளைந்த ஒரு கத்தரிப்பூ நிறப் பெண். அந்தக் கார்களின் பெயின்ட்டும் குரோமியமும் கண்ணாடிக்குச் சமம். எதிரே நிற்பதெல்லாம் அதில் விழும். கறுப்பு உடுத்தினால் நாம் வெறும் இருட்டாகத் தெரிவோம், யாரும் கவனிக்கமாட்டார்கள்.

ஒரு கறுப்பு சல்வார் கமீஸ் தைத்துக்கொண்டேன். வீட்டில் அதற்கே ஒரு வாரம் பேச்சுக் கேட்டேன்.

"வீட்டு மருமக கறுப்பப் போட்டுகினு காலைல கெளம்புறா. நல்லா இருக்குது. பில்டிங்ல கேட்டா நான் இன்னான்னு சொல்லட்டும்?" என்றார் அண்ணி.

"கார்ல என் நிழல் விழக் கூடாது அண்ணி. அதுக்குத்தான்."

"ஏன், உன் நிழல் விழுந்தா காருக்குத் தீட்டா?"

அண்ணி என் கணவரின் அக்கா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கட்கியில் ஒரு பள்ளியில் டீச்சர். அப்பா அம்மா போன பிறகு என் கணவரைப் படிக்கவைத்து, தேஹு ரோடு ராணுவ டிப்போவில் வேலைக்கு அனுப்பி, அவர்களுடைய சொந்த ஊரான வேலூர்ப் பக்கமே பெண் தேடியும் கிடைக்காமல் திருச்சியிலிருந்து என்னைக் கொண்டுவந்தவர் அவர்தான். போபோடியில் இரண்டு அறையும் ஒரு சமையலறையும் உள்ள வீட்டில் நாங்கள் நான்கு பேர் இருந்தோம். நான்காவது ஆள் என் மகள். அப்போது அவளுக்கு மூன்றரை வயது. ஜூனில் பள்ளியில் சேர்க்க வேண்டும்.

கேமரா கல்யாணத்தின்போது பாத்திரங்களோடு வந்தது. என் மாமா வைத்திருந்த பழைய கேமரா. கல்லூரியில் பிசிக்ஸ் படித்தபோது லென்ஸ் பாடத்தில் நான் காட்டிய ஆர்வத்தைப் பார்த்துக் கொடுத்தார். புனே வந்த முதல் இரண்டு வருடம் அது அலமாரியில் அரிசி மாவு டப்பாவுக்குப் பின்னால் இருந்தது. படித்த படிப்புக்கு வேலைக்குப் போகலாமா என்று ஒருமுறை கேட்டேன். குழந்தையை யார் பார்ப்பது என்று பதில் கேள்வி வந்தது. அது நியாயமான கேள்வி என்றுதான் எனக்கும் பட்டது. எனக்கு எல்லாக் கேள்வியும் நியாயமாகத்தான் படும்.

அடுத்த வருட ஊர்வலத்துக்குக் கறுப்பில் போனேன். அங்கே ஒருவர் என்னைக் கூப்பிட்டு, எடுத்த படங்களைப் பார்க்க வேண்டும் என்றார். தளேகாவில் தொழிற்சாலை வைத்திருந்தவர். அறுபது வயது இருக்கும். வெள்ளைப் பேன்ட், வெள்ளைக் கான்வாஸ் ஷூ. அவருடைய ஆட்கள் அவரைச் சேட் என்றார்கள், நானும் அப்படியே சொல்லிப் பழகினேன். மறுவாரம் தளேகாவுக்குக் கொண்டுபோன பிரின்ட்டுகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு இந்தியில் சொன்னார்:

"உங்க படத்துல போட்டோ எடுத்தவர் இல்லை. கார் மட்டும்தான் இருக்கு. எனக்கு அதான் பிடிச்சுது."

அவரிடம் எட்டு பழைய கார்கள் இருந்தன. எட்டையும் எடுத்து ஒரு ஆல்பம் செய்து, வெளிநாட்டில் இவரைப் போன்றவர்கள் நடத்தும் சங்கத்துக்கு அனுப்ப வேண்டும். ஆல்பத்தின் முதல் பக்கத்தில் என் பெயர் வரும் என்றார். அச்சடித்த எழுத்தில் என் பெயரைக் கடைசியாகப் பார்த்தது கல்யாணப் பத்திரிகையில். ரயிலில் திரும்பும்போது கட்கி வரும்வரை அதையே நினைத்துக்கொண்டிருந்தேன், இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போகப் பார்த்தேன்.

அந்தப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு வியாழக்கிழமை விடுமுறை. முற்றம் காலியாக இருக்கும் என்பதால் படம் எடுக்க வியாழக்கிழமைதான் வர வேண்டும் என்றார் சேட். வியாழக்கிழமை என் கணவருக்கும் அண்ணிக்கும் வேலை நாள்.

"நீ கார் படம் எடுக்கறதுக்கு நான் லீவு போட்டு ஆயா வேலை பாக்கணுமா?" என்றார் அண்ணி. பக்கத்து வீட்டில் குழந்தையை விடவும் அவர் சம்மதிக்கவில்லை. "கூட்டிகினு போ. சலேகா, பரவால்ல. ஆனா ஒண்ணு. கொழந்த மேல ஒரு கீறல் விழுந்துச்சுன்னா அதோட கேமராவ மூட்டை கட்டிடு. நான் சொல்லல, உன் வூட்டுக்காரனே சொல்லுவான்."

என் கணவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "அக்கா சொல்றதும் கரெக்ட்தானே" என்றார்.

சேட்டின் நிபந்தனை வேறு. "குழந்தை வரலாம். வண்டி மேல விரல் படக் கூடாது. ஒரு விரல் பட்டா அன்னிக்கே கதை முடிஞ்சுது."

ஆக, குழந்தை மேல் எதுவும் படக் கூடாது, குழந்தை எதன் மேலும் படக் கூடாது. இரண்டில் ஒன்று தவறினாலும் எட்டு கார்களும் போய்விடும். எனக்குப் பத்து நாள் இருந்தது. நான் என் மகளைப் பழக்க ஆரம்பித்தேன்.

எப்படிப் பழக்கினேன் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. மத்தியானம் அண்ணி பள்ளியில் இருக்கும் நேரத்தில் ஹாலில் ஒரு ஸ்டூல் போட்டு அவளை உட்காரவைப்பேன். எதிரே அவளுக்குப் பிடித்த பொருள் ஏதாவது வைப்பேன். அவளுடைய பந்து, என் வளையல் டப்பா, ஒரு கிண்ணத்தில் சர்க்கரை. "கை ரெண்டும் உட்காரட்டும்" என்பேன். அவள் இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார வேண்டும். அலாரம் கடிகாரத்தில் முதலில் ஐந்து நிமிடம் வைத்தேன், பிறகு பத்து, பிறகு அரை மணி. கையை எடுத்தால் மறுபடி முதலிலிருந்து. மூன்றாம் நாள் அழுதாள். அழுதாலும் கை எடுக்காமல் அழுதாள். மூக்கு ஒழுகி வாய்க்கு வந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. நான்தான் முந்தானையால் துடைத்தேன். சமத்து என்று முத்தம் கொடுத்தேன். அது தப்பா? ரயிலில் ஜன்னல் கம்பியைப் பிடிக்காதே என்று சொல்வதில்லையா, அடுப்பிடம் போகாதே என்று சொல்வதில்லையா, இதுவும் அதுபோல்தானே என்று அன்று இரண்டு மூன்று தடவை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சரியான காரியமாக இருந்தால் ஒரு தடவை போதும்.

குழந்தைக்கும் கறுப்பு கவுன் ஒன்று தைக்க நினைத்தேன். அண்ணி விடவில்லை. "நீ எதையாவது போட்டுகினு போ. கொழந்தைக்குக் கறுப்பு போட்டே, நான் மனுஷியா இருக்க மாட்டேன்" என்றார். அதனால் மஞ்சள் கவுன்.

முதல் வியாழக்கிழமை காலை முதல் லோக்கல் ரயிலில் தளேகாவ் போய், ஸ்டேஷனிலிருந்து சிக்ஸ்-சீட்டர் ஆட்டோவில் நெருக்கி உட்கார்ந்து, வெயில் ஏறுமுன் அவருடைய முற்றத்துக்குப் போய்விட்டோம். வேலை நன்றாகவே நடந்தது. அங்கே கார்களைப் பார்த்துக்கொள்ள ஒரு வயதான மிஸ்திரி இருந்தார். மெல்லிய துணியால் காரை ஒரே திசையில் துடைத்து, தரையில் தண்ணீர் தெளித்து, சக்கரத்தை நான் சொன்ன கோணத்துக்குத் திருப்பிக் கொடுத்தார். என்னைத் தாயி என்று கூப்பிட்டார். மராத்தியில் அது அக்கா. என் அப்பா வயதில் இருந்தவர்.

என் மகள் இரண்டரை மணி நேரம் ஸ்டூலில் கைகளின் மேல் உட்கார்ந்திருந்தாள்.

சேட் அவளைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். "இதென்ன குழந்தையா, சிலையா? என் சொந்தக்காரங்க பசங்க வந்தா வண்டி பூரா கை. மேடம், எப்படிப் பண்ணீங்க?" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைக்கப் போவதில்லை. என் படங்களைப் பாராட்டியபோது வந்த பெருமையைவிட அது கொஞ்சம் கூடுதல்.

இரண்டாவது வியாழக்கிழமை எடுத்தது முப்பதுகளில் செய்த ஒரு கார். அதன் முன்விளக்குகள் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். விளக்கின் பின்பக்கம் கவிழ்த்த கிண்ணம் போல இருக்கும், முழுவதும் குரோமியம். சேட்டுக்கு அந்தக் கிண்ணத்தை அருகிலிருந்து தனியாக எடுத்துத் தர வேண்டும். இருப்பதிலேயே கடினமான வேலை அதுதான், முற்றம் முழுவதும் அந்தக் கிண்ணத்துக்குள் குட்டியாக வந்துவிடும். கேமரா ஸ்டாண்டின் கால்களுக்குக் கறுப்புத் துணி சுற்றினேன். வளையலைக் கழற்றினேன். எனக்குப் பின்னால் பத்தடி தள்ளி அடுத்த கார் நின்றது. மடக்குக் கூரை உள்ள நீலக் கார். சீட்டுகளுக்குக் காற்றுப்பட வேண்டும் என்று கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். அதன் பக்கத்தில் நிழலில் என் மகளின் ஸ்டூல்.

சேட் வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு சாக்லேட்டை எடுத்து, காகிதத்தைப் பிரித்து, அந்த நீலக் காரின் ஃபுட்போர்டில் வைத்தார். காரில் ஏறக் கால் வைக்கும் பலகை அது. குழந்தையின் முழங்காலுக்கு நேராக இருந்தது.

"பேபி, இது உனக்குத்தான். ஆனா நான் எடுத்துக்கோன்னு சொல்ற வரைக்கும் தொடக் கூடாது. சரியா?" பிறகு மிஸ்திரியைப் பார்த்துச் சிரித்தார். "அரை மணி தாங்குவாளா? நீ சொல்லு."

"குழந்தை சேட், பாவம்" என்றார் மிஸ்திரி.

"நீங்க சொல்லுங்க மேடம்."

"தாங்குவா" என்றேன். உடனே சொன்னேன். யோசிக்கவே இல்லை, எதற்கெடுத்தாலும் யோசிக்கிற நான்.

உள்ளே ஃபோன் அடித்தது, சேட் போனார். நான் விளக்குக்குத் திரும்பினேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. எவ்வளவு வெளிச்சம் விட வேண்டும் என்பதில் சந்தேகம் இருந்ததால் ஒரே கோணத்தில் அதைக் கூட்டியும் குறைத்தும் பல படம் எடுத்தேன். எனக்குப் பின்னால் சேட்டின் குரல் திரும்பி வந்தது கேட்டது. கூரையை மடக்கிப் போட்டால் அடுத்த காரும் தயாராகிவிடும் என்று மிஸ்திரியிடம் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்துக் குரல் மாறியது.

"மேடம், இங்க வாங்க."

கத்தவில்லை. நீலக் காரின் உள்ளே கிரீம் நிறத்தில் கார்ப்பெட். அதில் உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்பாக ஒரு கறை. ஃபுட்போர்டில் சாக்லேட் நசுங்கி இழுபட்டிருந்தது.

"போன மாசம்தான் பம்பாயிலிருந்து வந்துச்சு இந்தக் கார்ப்பெட். பேபி, தொடாதேன்னு சொன்னேனா இல்லையா?"

என் மகள் அப்போதும் கைகளின் மேல்தான் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்து, "நான் தொடலைம்மா" என்றாள்.

தமிழில் சொன்னாள். அந்த முற்றத்தில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

"என்ன சொல்றா?" என்றார் சேட்.

"தெரியாமத் தொட்டுட்டாளாம்" என்று இந்தியில் சொன்னேன்.

ஏன் சொன்னேன் என்று இந்த ஏழு வருடத்தில் பல பதில்கள் தயாரித்திருக்கிறேன். அவள் தொட்டிருக்கலாம் என்று நினைத்தேன், குழந்தைதானே, என்பது ஒன்று. சேட்டோடு வாதாடினால் இன்னும் கோபப்படுவார், ஒத்துக்கொண்டால் விட்டுவிடுவார் என்பது இன்னொன்று. எதுவும் நிற்கவில்லை. அவளுடைய கைகள் எங்கே இருந்தன என்பதை நான் பார்த்தேன். எடுத்துப் பார்க்கக்கூட வேண்டியதில்லை. மூன்றரை வயதுக் குழந்தை சாக்லேட்டைத் தொட்டிருந்தால் முதலில் வாயில்தான் இருக்கும். அவள் வாய் சுத்தமாக இருந்தது. தெருப் பிள்ளைகளோடு விளையாடி அவளுக்கும் கொஞ்சம் இந்தி புரியும். நான் சொன்னது புரிந்ததா என்று தெரியவில்லை. இப்போது அவளுக்குப் பதினொன்று ஆகப்போகிறது. இதைப் பற்றி அவளும் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை.

சேட் கைக்குட்டையால் விரலைத் துடைத்துக்கொண்டார். "இன்னும் ஆறு வண்டி இருக்கு மேடம். ஒரு குழந்தையைக் கட்டுக்குள்ள வைக்க முடியாதவங்களை நம்பி நான் எப்படி வண்டியை வெளியே எடுக்கிறது?"

நான் அவளை அறைந்தேன்.

வீட்டில் இரண்டு தட்டு தட்டியிருக்கிறேன், முதுகில், விளையாட்டுக்கும் கோபத்துக்கும் நடுவில். இது அப்படி அல்ல. அவர் பார்க்க வேண்டும், சத்தம் கேட்க வேண்டும் என்று அறைந்தேன். கைகள் அடியில் இருந்ததால் அவளால் ஊன்றிக்கொள்ள முடியவில்லை, ஸ்டூலோடு சரிந்தாள். மிஸ்திரி பிடித்தார்.

"ஸாரி சொல்லு அங்கிளுக்கு."

"ஸாரி அங்கிள்" என்றாள். அண்ணி சொல்லிக்கொடுத்த இங்கிலீஷ்.

"சரி சரி, குழந்தைதானே" என்றார் சேட். அவர் முகம் தெளிந்துவிட்டது. "அடிக்கல்லாம் வேண்டாம் மேடம். அடுத்த வாரம் நீலத்தை எடுத்துடலாம்."

மிஸ்திரி பெட்ரோலில் துணி நனைத்துக் கார்ப்பெட்டைத் துடைத்தார். பிறகு சேட்டை நாற்காலியில் உட்காரச் சொல்லி, கீழே மண்டியிட்டு, அதே துணியால் அவருடைய வெள்ளை ஷூவின் அடியைத் துடைத்தார். நான் ஸ்டாண்டை மடக்கிக்கொண்டே பார்த்தேன். தரையில் தெளித்த தண்ணீரில் சேறு பட்டிருக்கும் என்று நினைத்தேன். நினைத்தேன் என்றுதான் எழுத முடியும்.

இரவல் கொடுத்த பாத்திரம் திரும்பி வந்தால் அடியைத் தட்டிப் பார்ப்பதுபோல், வெளியே போய்வந்த குழந்தையை அண்ணி தினமும் புரட்டிப் பார்ப்பார். அன்றும் பார்த்தார். கன்னத்தில் மூன்று விரல் தெரிந்தது.

"யாரு அடிச்சது?"

எல்லாம் இதோடு முடிந்தது என்று நினைத்தேன். என் மகள் என்னைப் பார்த்தாள், பிறகு அண்ணியைப் பார்த்தாள்.

"நான் தொட்டுட்டேன் அத்தை" என்றாள்.

"எதத் தொட்டே?"

"சாக்லேட்டு. அங்கிள் சாக்லேட்டு. அம்மா அடிச்சா."

அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்தார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் என்னை அவ்வளவு மரியாதையாகப் பார்த்ததில்லை. "அரே வா. நல்ல காரியம் பண்ணே. அடுத்தவங்க பொருளத் தொட்டா அடிதான். இப்பவே கண்டிக்கணும்." குழந்தையைக் கையோடு சமையலறைக்குக் கூட்டிப்போய்த் தேங்காய் எண்ணெய் தடவினார். கணவர் வந்ததும் அவரே சொன்னார். "உன் பொண்டாட்டிக்குப் புள்ள வளக்கத் தெரியலன்னு நெனச்சேன். பரவால்ல."

கட்கி பஜாரில் நான் ஃபிலிம் கழுவக் கொடுக்கும் ஸ்டூடியோக்காரர் மறுவாரம் பிரின்ட்டுகளை எடுத்து வைத்தபோது உதட்டைப் பிதுக்கினார். "அந்த லைட்டு படம் எல்லாம் வேஸ்ட் ஆயிடுச்சு மேடம். பின்னால ஏதோ மஞ்சளா விழுந்திருக்கு."

பூதக்கண்ணாடியை வாங்கிப் பார்த்தேன். குரோமியக் கிண்ணத்தின் நடுவில் நான் இருட்டாக இருந்தேன், சொல்லிவைத்தது போல. என் தோளுக்குப் பின்னால் மஞ்சள் கவுன். கவுனுக்குப் பக்கத்தில் நீலக் கார், திறந்த கதவு. முதல் படத்தில் குழந்தை மட்டும். இரண்டாவதில் வெள்ளை உடுப்பில் ஒரு ஆள். மூன்றாவதில் அந்த ஆளின் ஒரு கால் ஃபுட்போர்டில் இருந்தது. நான்காவதில் அவர் காருக்குள் நின்று கூரையை இழுத்துக்கொண்டிருந்தார். நான்கிலும் மஞ்சள் கவுன் அதே இடத்தில், அதே உட்கார்வில். தோளிலிருந்து இறங்கிய இரண்டு குச்சிக் கைகள் தொடைக்கு அடியில் போய் முடிந்தன.

அந்தக் கிண்ணத்தைத்தான் நான் அன்று அத்தனை நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கேமராவுக்குள் கண்ணை வைத்து விளிம்பின் கூர்மையை மட்டும் கவனித்தேன் என்று சொல்லலாம். அந்த அளவில் ஆள் ஒரு அரிசி அளவுகூட இருக்காது என்றும் சொல்லலாம். ஆனால் கிண்ணத்தில் வெள்ளையாக எதுவோ அசைகிறது, படத்தைக் கெடுக்கும் என்று ஒரு நொடி எரிச்சல்பட்டதும் நினைவிருக்கிறது.

வீடு வரும்வரை என் மகள் நிரபராதி என்று எனக்குச் சந்தோஷம் வந்ததா? வரவில்லை. இதைச் சேட் பார்த்துவிட்டால் என்ன ஆகும் என்ற பயம்தான் வந்தது. அவர் நெகட்டிவ் முழுவதையும் கேட்பார். எண் பார்த்து வாங்குவார். தப்பு அவருடையது என்று அவருடைய சொந்த விளக்கிலேயே காட்டிக்கொடுக்கிற படம். பெரிய மனிதருக்கு அவமானமாகிவிடும். அவமானப்பட்டவர் என்னை மறுபடி அந்த வாசலில் ஏற்றுவாரா? ஆல்பம் நிற்கும். என் மகள் குற்றமற்றவள் என்பதற்கு இருந்த ஒரே சாட்சியை எப்படி ஒழிக்கலாம் என்று இரண்டு நாள் யோசித்தேன். பால் பொங்கி வழிந்தது. ஃபிலிமில் வெளிச்சம் புகுந்துவிட்டது என்று சொல்லலாமா, அந்தத் துண்டை மட்டும் தீயில் காட்டலாமா என்றெல்லாம் யோசித்தேன். கடைசியில் அதற்கும் துணிவில்லை. அந்த நான்கையும் கட்டின் அடியில் வைத்து, சின்ன அளவு பிரின்ட்டாகவே கொண்டுபோனேன். வயதானவர், கண் தெரியாது என்று நம்பிக்கொண்டேன்.

சேட் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு, மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பூதக்கண்ணாடியை எடுத்தார்.

மேலிருந்து ஒவ்வொன்றாக வந்தார். அடியில் இருந்த நான்குக்கு வந்ததும் நிறுத்தினார். என் மகள் கதவோரம் ஸ்டூலில் இருந்தாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். மன்னிப்புக் கேட்கத்தான்.

அவர் சிரித்தார். வயிறு குலுங்கச் சிரித்தார்.

"அரே! இது என் ஷூ! ஏ மிஸ்திரி, இங்க வந்து பாரு. நான்தான் மிதிச்சிருக்கேன். நானே மிதிச்சு, நானே கோவிச்சுக்கிட்டு!" பூதக்கண்ணாடியை என்னிடம் நீட்டினார். "பாருங்க மேடம், பாருங்க. பாவம் பேபி, சும்மா அடி வாங்கிடுச்சு. சும்மா!" கண்ணில் தண்ணீர் வந்தது அவருக்கு. "இதைப் பெரிசாப் போட்டுக் குடுங்க. கிளப்ல காட்டிக் கதை சொல்லணும். ஃபர்ஸ்ட் கிளாஸ் போட்டோ."

நான் இரண்டு நாள் தூங்காமல் பயந்த விஷயம் அவருக்கு ஒரு தூசி. அவமானம் என்பது அவர் பக்கத்தில் எங்குமே இல்லை. நான் உண்மையைச் சொல்லியிருந்தால் அன்றைக்கும் இப்படித்தான் சிரித்திருப்பார். அடிக்க வேண்டிய அவசியமே இருந்திருக்காது.

மிஸ்திரி படத்தைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். முற்றத்தில் காரைத் துடைக்கும்போது மெதுவாகச் சொன்னார்: "அன்னிக்கே நான் பார்த்தேன் தாயி. நீங்க அந்த லைட்டையேதானே பார்த்துட்டு இருந்தீங்க. உங்களுக்கும் தெரியும்னு நினைச்சேன். தெரிஞ்சேதான் அடிக்கிறீங்க, உங்க பொழைப்பு அது, நான் எதுக்கு நடுவுல வரணும்னு இருந்துட்டேன்."

அவர் குத்திக்காட்டவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார்.

கிளம்பும்போது சேட் உள்ளேயிருந்து ஒரு பெரிய சாக்லேட் பெட்டியைக் கொண்டுவந்தார். வெளிநாட்டுப் பெட்டி, தங்கக் காகிதம் சுற்றியது. "இந்தா பேபி. இப்ப எடுத்துக்கோ. அங்கிளே சொல்றேன்."

அவள் என்னைப் பார்த்தாள்.

"வாங்கிக்கோ" என்றேன்.

வாங்கிக்கொண்டு, "ஸாரி அங்கிள்" என்றாள்.

சேட் மறுபடி சிரித்தார். "தேங்க் யூ சொல்லணும் பேபி" என்றார். அவள் மறுபடியும் ஸாரி என்றாள், இன்னும் கொஞ்சம் சத்தமாக, முதலில் சொன்னது அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தவள்போல.

வீட்டில் அண்ணி பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "யாரு குடுத்தது? எதுக்கு?"

அப்போது சொல்லியிருக்கலாம். அவள் தொடவே இல்லை, ஷூ அவருடையது, நான் தப்பாக அடித்தேன். மூன்று வாக்கியம். சொன்னால் கீறல் விழுந்த கதையாகிவிடும், கேமரா மாவு டப்பாவுக்குப் பின்னால் போகும். இன்னும் ஐந்து கார் இருந்தது.

"படம் நல்லா வந்திருக்குன்னு சேட் குடுத்தார் அண்ணி."

அண்ணி குழந்தையை மடியில் இழுத்து உட்காரவைத்துக்கொண்டார். "பாத்தியாடி பாப்பா? அன்னிக்கு உங்கம்மா போட்டா ஒண்ணு. அதுல புத்தி வந்து நீ எதையும் தொடாம இருந்தே. இருந்தியா? அதான் இன்னிக்கு அந்த அங்கிள் பெட்டியாவே குடுத்துட்டாரு. கேக்காம எதையும் தொடக் கூடாது. தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது அத்தை."

"இனிமே தொடுவியா?"

"தொட மாட்டேன்."

"சமத்து. எங்க, இன்னொரு தடவ சொல்லு, அப்பா கேக்கட்டும்."

செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த அப்பாவைப் பார்த்து அவள் சொன்னாள். நான் பெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். வெயில் காலம், வெளியே வைத்தால் உருகிவிடும்.